அசிசி ஆலயங்கள்: முதல்முறை போகிறவர்களுக்கு

இத்தாலியிலுள்ள அசிசிக்குப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அசிசி ரயில் நிலையம் அசிசி நகரத்தில் இல்லை என்பது. அது கீழே சமவெளியில், சாந்தா மரியா தெலி ஆஞ்ஜெலி என்ற ஊரில் இருக்கிறது. நகரமோ அங்கிருந்து 4 கிலோமீட்டர் தள்ளி, சுபாசியோ மலையின் சரிவில் வெளிர்சிவப்புக் கல்லில் கட்டிய படிக்கட்டு போல் அமர்ந்திருக்கிறது. அதனால் பார்க்க வேண்டிய இடங்களும் மூன்று மட்டத்தில் கிடக்கின்றன. சமவெளியில் போர்சியுங்குலா என்ற சிறு கோவில். மலைச்சரிவில் நகரத்து ஆலயங்கள், மதிலுக்கு வெளியே சற்றுக் கீழே சான் தமியானோ கோவில். நகரத்துக்கும் மேலே காட்டுக்குள் கார்ச்செரி தவக்குடில். இந்த மூன்று மட்டத்தையும் மனத்தில் வாங்காமல் போகிறவர்கள் பாதி நாளை ஏறி இறங்குவதிலேயே தொலைத்துவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. நகரத்தின் உச்சியிலிருந்து இறங்கி வந்தால், பிரான்சிஸ்கன் துறவற சபையைத் தொடங்கிய புனித பிரான்சிஸின் வாழ்க்கையும் கூடவே வரிசையாக வரும். அவர் திருமுழுக்குப் பெற்ற தொட்டி மேலே இருக்கிறது. வளர்ந்த வீடு, அதற்குக் கீழே அவரோடு பேசிய சிலுவை, உடைகளைக் களைந்து தந்தையிடம் கொடுத்த ஆயர் இல்லம், கடைசியில் கல்லறை. பெரும்பாலான சுற்றுலாப் பேருந்துகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. கல்லறையில் தொடங்கி மூச்சு வாங்க மேலே ஏறுகிறார்கள். பாதியில் களைத்துத் திரும்பிவிடுவதால் பலர் திருமுழுக்குத் தொட்டியைப் பார்ப்பதே இல்லை.

போய்ச் சேர்வது

ரோம் தெர்மினி நிலையத்திலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். சில வண்டிகள் நேராகப் போகும், மற்றவற்றுக்கு ஃபொலிஞ்ஞோவில் மாற வேண்டும். ஃபுளோரன்ஸிலிருந்து சுமார் இரண்டரை மணி நேரம். வட்டார ரயிலின் காகிதச் சீட்டை வண்டி ஏறுமுன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். சீட்டு கையில் இருந்தும் அபராதம் கட்டுகிறவர்கள் எல்லாரும் இதை மறந்தவர்கள்தான். இணையத்தில் வாங்கிய வட்டாரச் சீட்டு என்றால் பயணத்துக்குமுன் 'செக்-இன்' செய்ய வேண்டும்.

நிலையத்து வாசலிலிருந்து 'சி' தடப் பேருந்து மேலே போகிறது. சீட்டை நிலையத்துக் கடையில் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள், வண்டியில் வாங்கினால் விலை கூடுதல். பேருந்து முதலில் சான் பிரான்செஸ்கோ பேராலயத்துக்குக் கீழுள்ள இரண்டாம் ஜான் பால் சதுக்கத்தில் நிற்கும். பேராலயத்தைப் பார்த்ததும் எல்லாரும் அங்கேயே இறங்குவார்கள். நீங்கள் இறங்க வேண்டாம். கடைசி நிறுத்தமான மத்தேயோத்தி சதுக்கம் வரை உட்கார்ந்திருங்கள், அதுதான் நகரத்தின் உச்சி. அங்கிருந்து கதீட்ரல் ஐந்து நிமிட நடை, அதுவும் இறக்கம்.

காரில் வருகிறவர்கள் பழைய நகரத்துக்குள் ஓட்டிப் போகக் கூடாது. இசட்டிஎல் (வண்டிகளுக்குக் கட்டுப்பாடுள்ள பகுதி) என்று எழுதிய பலகையைத் தாண்டினால் கேமரா எண்ணைப் பிடித்துவிடும். அபராதச் சீட்டு பல வாரம் கழித்து, கார் வாடகைக்குக் கொடுத்தவர் வழியாக வந்து சேரும். மொயானோ நிறுத்துமிடத்தில் காரை விட்டால் அங்கிருந்து நகரும் படிக்கட்டு மேலே கொண்டுவந்து விடும்.

உடை, நேரம், பழக்கங்கள்

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கையில்லாத ரவிக்கையோடு புடவை கட்டுகிறவர்கள் முந்தானையைப் போர்த்திக்கொண்டால் போதும். பெண்கள் முக்காடு போட வேண்டியதில்லை, ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். காலணியைக் கழற்றும் வழக்கம் அங்கே இல்லை. நம் கால்கள் பழக்கத்தில் வாசலில் தயங்கும், தயங்காமல் உள்ளே போகலாம். தெருக்கள் சரிவான கல்தளம், மழை பெய்தால் வழுக்கும். ரப்பர் அடியுள்ள மூடிய காலணி இல்லாமல் போகாதீர்கள்.

நேரக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நண்பகல் 12 மணி வாக்கில் பல ஆலயங்களைப் பூட்டிவிட்டு 2 மணிக்கோ 3 மணிக்கோதான் மறுபடி திறப்பார்கள். சாந்தா கியாராவும் சான் தமியானோவும் அப்படித்தான். சான் பிரான்செஸ்கோ பேராலயம் மதியமும் திறந்தே இருக்கும். குளிர்காலத்தில் எல்லாமே மாலையில் சீக்கிரம் மூடும். கதவில் 'கியூஸோ' என்றிருந்தால் மூடியிருக்கிறது, 'அபேர்த்தோ' என்றால் திறந்திருக்கிறது. 'மெஸ்ஸா' என்ற பட்டியல் திருப்பலி நேரங்களைக் காட்டுவது. திருப்பலி நடக்கும்போது சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். உட்கார்ந்து பங்கெடுங்கள் அல்லது வெளியே காத்திருங்கள். மொழி இத்தாலியமானாலும் வரிசை நம் ஊர்த் திருப்பலிதான், அல்லேலூயாவும் ஆமெனும் எல்லாருக்கும் பொது.

முதல் நாள்: உச்சியிலிருந்து

சான் ருஃபினோதான் நகரத்தின் கதீட்ரல். இப்போதுள்ள ஆலயத்தை ஜொவான்னி தா குப்பியோ 1140-ல் கட்டத் தொடங்கினார். முகப்பை நிதானமாகப் பாருங்கள்: மூன்று வாசல், மூன்று வட்ட ரோஜா சன்னல்கள், வாசலைக் காக்கும் கல் சிங்கங்கள். உள்ளே போனதும் ஏமாற்றமாக இருக்கும். 1571-ல் கலெயாட்ஸோ அலெஸ்ஸி உட்புறத்தை மாற்றியமைத்ததில் பழைய தோற்றம் போய்விட்டது. அந்த ஏமாற்றத்தில் நேராகப் பீடத்துக்கு நடந்துவிடாதீர்கள். நுழைந்ததும் வலப்பக்கம், கம்பித் தடுப்புக்குப் பின்னால் இருக்கிற தொட்டியில்தான் பிரான்சிஸும், அவர் வழியில் துறவியான புனித கிளாராவும் திருமுழுக்குப் பெற்றார்கள். குழந்தை பிரான்சிஸுக்கு அன்று வைத்த பெயர் ஜொவான்னி, அதாவது யோவான். துணி வியாபாரத்துக்குப் போயிருந்த தந்தை திரும்பி வந்து பிரான்செஸ்கோ என்று மாற்றினார். தரையில் சில இடங்களில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள், அடியில் பழைய கட்டுமானம் தெரியும்.

அங்கிருந்து இறங்கினால் கொமுனே சதுக்கம். ஆறு கொரிந்தியத் தூண்களோடு நிற்பது கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியக் கோவில், இப்போது மரியன்னை ஆலயம். இடம் குறுகலானதால் படிகளைத் தூண்களுக்கு நடுவிலேயே ஏற்றியிருக்கிறார்கள். இந்தத் தூண்களை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், நாளை பேராலயத்தில் தேவைப்படும். சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே கியேஸா நுவோவா. 1615-ல் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் பிலிப்பின் பணத்தில், பிரான்சிஸின் தந்தை வீடு இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் கட்டியது. தந்தை மகனைப் பூட்டிவைத்த இடுக்கு உள்ளே இருக்கிறது. பதினைந்து நிமிடம் போதும்.

சாந்தா கியாராவுக்கு அவசரமாகப் போகக் கூடாது. 1257-ல் தொடங்கி 1265 வரை கட்டிய ஆலயம், வெள்ளையும் வெளிர்சிவப்புமாய் வரிவரியான கல், பக்கச்சுவரைத் தாங்கும் மூன்று பெரிய வளைவுகள். உள்ளே வலப்பக்கச் சிற்றாலயத்தில் தொங்குகிறது சான் தமியானோ சிலுவை. நம் ஊர் பிரான்சிஸ்கன், கப்புச்சின் இல்லங்களில் தொங்கும் அந்த வண்ணச் சிலுவையின் மூலம் இதுதான். 12-ம் நூற்றாண்டுப் படைப்பு. மரப்பலகைமேல் துணி ஒட்டி வரைந்தது. இயேசுவின் கண்கள் திறந்திருப்பதையும், கைகளுக்கடியில் மரியாவும் யோவானும் நிற்பதையும் கவனியுங்கள். இறந்த கிறிஸ்து இல்லை இவர், உயிரோடு நம்மைப் பார்க்கிறவர். கம்பித் திரைக்குப் பின்னால் அடைபட்ட மடத்துச் சகோதரிகள் செபிப்பது சில நேரம் கேட்கும். கீழறையில் கிளாராவின் உடல் இருக்கிறது. 1253 ஆகஸ்ட் 11-ல் இறந்தார், 1850-ல் கல்லறையைத் தோண்டிக் கண்டார்கள். பிரான்சிஸின் ஒட்டுப்போட்ட அங்கியையும் கிளாராவின் முடியையும் அங்கே வைத்திருக்கிறார்கள். முன்பு இந்த இடத்தில் இருந்த சான் ஜோர்ஜோ ஆலயத்தில்தான் சிறுவன் பிரான்சிஸ் எழுத்துப் படித்தார். இறந்தபின் முதலில் அவரை அடக்கம் செய்ததும் அங்கேதான்.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே ஆயர் சதுக்கத்துக்கு இறங்குங்கள். சாந்தா மரியா மஜ்ஜோரே என்ற பழைய ஆலயம் 2017 முதல் 'உடை களைந்த திருத்தலம்' எனப்படுகிறது. பிரான்சிஸ் ஆயர் குய்தோவின் முன் சொத்தைத் துறந்து, உடுத்தியிருந்ததையும் கழற்றித் தந்தையிடம் கொடுத்தது இங்கேதான் என்பதால் அந்தப் பெயர். இப்போது இளைஞர் கூட்டம் இங்கே அதிகம்; காரணம் புனித கார்லோ அகுத்திஸ். 15 வயதில் 2006-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்த இந்தச் சிறுவரின் உடல் 2019-ல் இங்கே கொண்டுவரப்பட்டது. 2025 செப்டம்பர் 7-ல் புனிதர் பட்டம் கிடைத்தபின் வரிசை நீண்டுவிட்டது. ஜீன்ஸும் விளையாட்டுக் காலணியுமாய்க் கண்ணாடிக்குள் கிடத்தியிருக்கிறார்கள். வரிசையில் நிற்க அரை மணி நேரமாவது ஒதுக்கி வையுங்கள்.

இரவு அசிசியிலேயே தங்குவது

ரோமிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம்தான். ஆனாலும் ஒரு ராத்திரி தங்குங்கள் என்றே சொல்வோம். சுற்றுலாப் பேருந்துகள் மாலையில் கிளம்பியபின் அந்தத் தெருக்களில் மணியோசையும் காலடியோசையும் மட்டும் மிஞ்சும். அருட்சகோதரிகள் நடத்தும் விருந்தினர் இல்லங்கள் நிறைய உண்டு. சுத்தமாகவும் எளிமையாகவும் இருக்கும். முன்பதிவு செய்யும்போதே வாயிற்கதவை இரவில் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேட்டுவிடுங்கள். நகராட்சிக்குச் செலுத்தும் தங்கல் வரியை அறை வாடகைக்கு மேல் தனியாக வாங்குவார்கள். சில்லறை வைத்திருங்கள்.

தேதியும் முக்கியம். ஆகஸ்ட் 1, 2 'அசிசி மன்னிப்பு' நாள்கள், அக்டோபர் 3, 4 பிரான்சிஸ் திருவிழா. இந்த நாள்களில் வேண்டுதலுக்காகப் போகிறவர்கள் மாதக்கணக்கில் முன்பே இடம் பிடிக்க வேண்டும். அமைதியை நாடிப் போகிறவர்கள் இந்த நாள்களைத் தவிர்ப்பதே நல்லது. 2026 புனிதர் இறந்த 800-ம் ஆண்டு. அந்த ஆண்டிலிருந்து அக்டோபர் 4 இத்தாலி முழுவதற்கும் அரசு விடுமுறை என்பதால் கூட்டம் இன்னும் கூடும்.

இரண்டாம் நாள்: கல்லறையும் சுவரோவியங்களும்

சான் பிரான்செஸ்கோவின் கீழ் ஆலயத்தை அதிகாலையிலேயே திறந்துவிடுவார்கள். விடியற்காலையில் போனால் கல்லறை முன் நீங்களும் நாலைந்து துறவிகளும் மட்டும் இருப்பீர்கள். பத்து மணிக்குப் போனால் தள்ளுமுள்ளு. வாசலில் பைச் சோதனை உண்டு, பெரிய பெட்டியோடு உள்ளே விடமாட்டார்கள். படம் எடுக்கவும் அனுமதி இல்லை.

1228 ஜூலை 16-ல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி பிரான்சிஸுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். மறுநாளே இந்தப் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1230-ல் உடலைக் கொண்டுவந்து, யாரும் திருடிவிடக் கூடாதென்று பீடத்துக்கடியில் பாறைக்குள் ஒளித்து வைத்தார்கள். அவ்வளவு ஆழமாக ஒளித்ததால் 1818-ல்தான், 52 இரவு தோண்டி, கண்டெடுக்க முடிந்தது. கீழ் ஆலயத்தின் நடுவிலிருந்து படிகள் கல்லறைக்கு இறங்குகின்றன. சுற்றியுள்ள நான்கு மூலைகளில் அடங்கியிருப்பவர்கள் அவருடைய முதல் தோழர்களான லியோ, ருஃபினோ, மஸ்ஸேயோ, ஆஞ்ஜெலோ. பலர் இதைக் கவனியாமல் போகிறார்கள். அங்கே எரியும் விளக்குக்கு ஒவ்வோர் ஆண்டும் இத்தாலியின் ஒரு மாநிலம் எண்ணெய் கொடுக்கிறது.

மேலே வந்து கீழ் ஆலயத்தில் கண் இருட்டுக்குப் பழகட்டும். நடுக்கூடத்துச் சுவர்களில் ஒரு பக்கம் இயேசுவின் பாடுகள், எதிர்ப்பக்கம் பிரான்சிஸின் வாழ்க்கை. பிற்பாடு பக்கச் சிற்றாலயங்களைத் திறந்தபோது சுவரை உடைத்ததால் ஓவியங்கள் பாதி வெட்டுப்பட்டிருக்கின்றன. இடப்பக்கம் முதல் சிற்றாலயத்தில் சிமோனே மார்த்தினி வரைந்த புனித மார்ட்டின் கதை. பீடத்துக்கு வலக்கைப் பக்கச் சிறகில் சிமாபூவே வரைந்த அன்னையின் அருகில் நிற்கும் பிரான்சிஸைத் தேடிப் பாருங்கள்; பெரிய காதும் குழி விழுந்த கன்னமுமாய், சாதாரண மனிதராக நிற்பார். இடக்கைச் சிறகு முழுவதும் பியெத்ரோ லொரென்ஸெத்தியின் பாடுகளின் காட்சிகள். திருப்பண்டங்கள் வைத்த அறையைத் தவறவிடாதீர்கள். ஒட்டுப்போட்ட அங்கியும், 1223-ல் திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ் அங்கீகரித்த சபை ஒழுங்கும், சகோதரர் லியோவுக்குப் பிரான்சிஸ் தன் கையால் எழுதிக்கொடுத்த ஆசியும் அங்கே இருக்கின்றன.

பீடத்துக்குப் பின்னுள்ள படிகளில் ஏறி, திறந்த மாடத்தைக் கடந்தால் மேல் ஆலயம். இருட்டிலிருந்து திடீரென்று வெளிச்சம். சுவரின் கீழ்ப்பகுதியைச் சுற்றி பிரான்சிஸ் வாழ்க்கையின் 28 காட்சிகள். ஓவியர் ஜொத்தோ வரைந்தது என்பது வழக்கு. கலை வரலாற்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பார்க்கும் வரிசையில்தான் தவறு நேர்கிறது. முன்வாசல் வழியாக வருகிறவர்கள் வாசலருகிலேயே தொடங்கிவிடுவதால் கதை குழம்பிப்போகும். பீடத்தைப் பார்த்து நின்றால் வலச்சுவரில், பீடத்துக்கு மிக அருகில் இருப்பதே முதல் காட்சி. அங்கிருந்து வாசலை நோக்கி 13 காட்சிகள், வாசல் சுவரில் இரண்டு, பிறகு இடச்சுவர் வழியாகப் பீடத்தை நோக்கித் திரும்பி 28.

முதல் காட்சியின் பின்னணியில் நேற்றுப் பார்த்த ரோமானியக் கோவில் நிற்கிறது. தூண்களை எண்ணுங்கள்: ஐந்துதான், அதுவும் மெல்லியவை. நாலாவதில் சான் தமியானோ சிலுவை பேசுகிறது. ஐந்தாவதில் ஆயர் தம் மேலாடையால் பிரான்சிஸை மறைக்கிறார். ஆறாவதில் சாய்கிற லாத்தரன் பேராலயத்தைப் பிரான்சிஸ் தோளால் தாங்குகிறார். பதின்மூன்றாவது கிரெச்சோ ஊரில் வைத்த கிறிஸ்து பிறப்புக் குடில், பதினைந்தாவது பறவைகளுக்குப் போதிப்பது, பத்தொன்பதாவது இயேசுவின் ஐந்து காயங்களைத் தன் உடலில் பெற்ற வரம், இருபதாவது மரணம். இந்த எட்டை மட்டும் வரிசையாகப் பார்த்தாலும் கதை முழுமையாக வந்துவிடும்.

மேல் ஆலயத்தின் இடக்கைச் சிறகில் சிமாபூவே வரைந்த சிலுவைக் காட்சி புகைப்படச் சுருளின் எதிர்மறைப் படிவம் போல இருக்கும். வெளிச்சமாக இருக்க வேண்டிய முகங்கள் கறுத்துப் போயிருப்பதற்குக் காரணம், வெண்மைக்கு அவர் ஈய வெள்ளை பயன்படுத்தியதும் அது காலப்போக்கில் கறுத்ததும்தான். கூரையில் சில இடம் வெறுமையாக இருப்பதும் கண்ணில் படும். 1997 செப்டம்பர் 26 நிலநடுக்கத்தில் வளைகூரை இடிந்து, முதல் அதிர்வின் சேதத்தைப் பார்வையிட உள்ளே வந்திருந்த நால்வர் இறந்தார்கள். இரண்டு பேர் துறவிகள். ஆயிரக்கணக்கான துணுக்குகளைப் பொறுக்கி ஒட்டி 1999-ல் ஆலயத்தைத் திறந்தார்கள். ஒரு கணம் அவர்களுக்காகவும் செபியுங்கள்.

முதியவர்களுக்கு ஒரு குறிப்பு: கீழ் ஆலயத்துக்குக் கீழ்ச் சதுக்கத்திலிருந்தும், மேல் ஆலயத்துக்குப் புல்வெளிப் பக்கத்திலிருந்தும் தனித்தனி வாசல் உண்டு. உள் படிகளில் ஏறாமலே இரண்டையும் பார்க்கலாம். கல்லறைக்கு மட்டும் படி இறங்க வேண்டியிருக்கும்.

சான் தமியானோவா, கார்ச்செரியா?

இரண்டுக்கும் நேரமில்லையென்றால் சான் தமியானோ. சாந்தா கியாரா பக்கத்திலுள்ள போர்த்தா நுவோவா வாயிலிலிருந்து ஒலிவ மரங்களுக்கு நடுவே சுமார் ஒரு கிலோமீட்டர் இறக்கம், கால் மணி நேர நடை. திரும்ப ஏறுவதுதான் கடினம். முழங்கால் வலி உள்ளவர்கள் திரும்புவதற்கு டாக்சி சொல்லி வையுங்கள். பாழடைந்த இந்தக் கோவிலில்தான் சிலுவை பேசியதைப் பிரான்சிஸ் கேட்டார். 'என் வீட்டைச் செப்பனிடு' என்றதை நேர்ப்பொருளில் எடுத்துக் கல் சுமந்தார். இப்போது உள்ளே தொங்குவது அந்தச் சிலுவையின் நகல். கிளாரா நாற்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்து இறந்த படுக்கைக்கூடமும், சகோதரிகள் சாப்பிட்ட அறையும் கரி படிந்த கூரையோடு அப்படியே இருக்கின்றன. கண்பார்வை மங்கி, நோயில் கிடந்த பிரான்சிஸ் 1225-ல் படைப்புகளின் பாடலை இயற்றியதும் இங்கேதான். பன்னிரண்டு மணிக்குள் பார்த்து முடிக்கும்படி கிளம்புங்கள்.

கார்ச்செரி நகரத்திலிருந்து 4 கிலோமீட்டர், முழுக்க ஏற்றம், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 800 மீட்டர் உயரம். நடந்தால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். கார்ச்செரி என்றால் இத்தாலியத்தில் சிறை என்பார்கள், இங்கே தனித்திருக்கும் இடம் என்பதே பொருள். குகைக்கு இறங்கும் வழியில் கதவுகள் மிகக் குறுகல், குனிந்து பக்கவாட்டில்தான் நுழைய முடியும். முதுகுப்பையை முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் போர்சியுங்குலா

ரயில் ஏறுமுன் இரண்டு மணி நேரம் மிச்சம் வையுங்கள். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் சாந்தா மரியா தெலி ஆஞ்ஜெலி பேராலயம். 1569-ல் தொடங்கி 110 ஆண்டு கட்டினார்கள். இத்தனை பெரிய ஆலயத்தின் உள்ளே, குவிமாடத்துக்கு நேர் கீழே, ஏழு மீட்டர் நீளமும் நாலு மீட்டர் அகலமுமான ஒரு கல் குடிசை நிற்கிறது. அதுதான் பிரான்சிஸ் தன் கையால் செப்பனிட்ட போர்சியுங்குலா. கிளாராவின் கூந்தலைக் கத்தரித்துத் துறவில் சேர்த்துக்கொண்டதும் இங்கேதான். குடிசைக்குள் பேச்சு கூடாது. முன்பெஞ்சில் இடம் கிடைக்காவிட்டால் பின்னால் நின்று காத்திருங்கள், ஐந்து நிமிடத்தில் யாராவது எழுவார்கள்.

இங்கே பெறும் பரிபூரண பலன் (பாவத்துக்குரிய தண்டனையிலிருந்து முழு விடுதலை), அதாவது 'அசிசி மன்னிப்பு', உலகமெங்கும் ஆகஸ்ட் 1 நண்பகல் முதல் 2 நள்ளிரவு வரை பங்கு ஆலயங்களிலும் கிடைப்பது. போர்சியுங்குலாவில் ஆண்டு முழுவதும். வேண்டியவை: பாவசங்கீர்த்தனம், நற்கருணை, இங்கே விசுவாச அறிக்கையும் கர்த்தர் கற்பித்த செபமும், திருத்தந்தையின் கருத்துகளுக்காக ஒரு செபம். பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் அதே நிமிடத்தில் நடக்க வேண்டியதில்லை, முன்பின் சில நாள்களுக்குள் இருந்தால் போதும். பாவசங்கீர்த்தனம் கேட்கும் இடத்தில் எந்த மொழி என்ற குறிப்பைப் பார்த்துப் போங்கள். ஆங்கிலம் பெரும்பாலும் கிடைக்கும்.

குடிசையைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறவர்கள் அதற்குச் சில அடி தள்ளி வலப்பக்கம் இருக்கும் சிறு அறையை விட்டுவிடுகிறார்கள். பெயர் திரான்ஸிதோ. 1226 அக்டோபர் 3 மாலை, பிரான்சிஸ் வெறுந்தரையில் கிடந்து உயிர் விட்ட இடம். உள்ளே அந்திரேயா தெல்லா ரோபியா வெண்பூச்சுள்ள சுடுமண்ணில் செய்த பிரான்சிஸ் சிலை நிற்கிறது. பக்கக் கதவு வழியே போனால் முள்ளில்லாத ரோஜாத் தோட்டம். அதைத் தாண்டித்தான் வெளியேறும் வழி, நிலையத்துக்குத் திரும்பும் சாலை இடப்பக்கம் இல்லை, முன்வாசலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.